ஒட்டிப்போன லாரி டயரை டிஸ்க்கிலிருந்து பிரிப்பது

இரண்டு மழைக்காலம் வெளியில் நின்ற லாரியின் சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டுப் பாருங்கள். டயரைப் பிடித்து வைக்கும் இரும்பு வளையங்களில் லாக் ரிங் எங்கே முடிகிறது, சைடு ரிங் எங்கே தொடங்குகிறது என்ற கோடே தெரியாது. துரு செதில் செதிலாக ஏறி, மொத்தமும் ஒரே அச்சில் வார்த்த இரும்பு மாதிரி இருக்கும். பார்த்ததும் கை தானாகச் சம்மட்டியைத் தேடும். சம்மட்டிக்கும் வேலை இருக்கிறது, ஆனால் அதன் முறை பிறகுதான் வரும். முதலில் வேண்டியது வால்வு பின் கழற்றும் சின்னச் சாவி. அடுத்தது கம்பி பிரஷ். அதற்கும் அடுத்தது ஒரு ராத்திரி பொறுமை.

இங்கே எழுதுவது 10.00-20, 9.00-20 அளவில் டியூப் டயர் போட்ட பழைய லாரி டிஸ்க்குகளை, அதாவது டயர் மாட்டும் இரும்புச் சக்கரங்களைப் பற்றி. இப்போது வரும் டியூப்லெஸ் 22.5 அங்குல டிஸ்க் வேறு ஜாதி. அதற்குக் கடைசியில் நாலு வரி ஒதுக்கியிருக்கிறேன்.

ஒட்டுவது ஒரே காரணத்தால் அல்ல

பழைய டிஸ்க் மூன்று துண்டு. ஒரு பக்கம் நிலையான விளிம்போடு சேர்ந்த அடிப்பாகம். மறுபக்கம் கழன்று வரும் முழு வட்டமான சைடு ரிங். அந்தச் சைடு ரிங் வெளியே வராமல் தடுக்க, டிஸ்க்கின் பள்ளத்தில் உட்காரும் வெட்டுள்ள லாக் ரிங். சிறு வண்டிகளின் 16 அங்குல டிஸ்க் சிலவற்றில் சைடு ரிங்கும் லாக் ரிங்கும் தனித்தனியாக இருக்காது. வெட்டு விட்ட ஒரே ரிங் இரண்டு வேலையையும் பார்க்கும். எது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரியாமல் லீவரைப் போடாதீர்கள். ரிங்கைச் சுற்றி விரலை ஓட்டினால் வெட்டு ஓரிடத்தில் தட்டுப்படும். வெட்டு இருப்பதுதான் முதலில் கழல வேண்டியது.

டயரின் பீடிங், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் கெட்டியான உள்விளிம்பு, உட்காரும் தளம் தட்டையாக இருப்பதில்லை. விளிம்பை நோக்கி 5 டிகிரி ஏறுகிறது. காற்று நிரம்பும்போது பீடிங் அந்தச் சரிவில் ஏறி, ஆப்பு அடித்தது போல இறுகுகிறது. காற்றை இறக்கினாலும் அந்த இறுக்கம் போகாது. இது முதல் வகை ஒட்டல். புது டயரிலும் உண்டு, நல்ல லீவருக்கு இளகிவிடும்.

இரண்டாவது, துரு. டியூப் டயரில் காற்றைப் பிடித்து வைப்பது டியூப்தான். டிஸ்க்குக்கும் டயருக்கும் நடுவே இடுக்கு அடைபட வேண்டிய தேவையே இல்லை. அதனால் வால்வு வெளியே வரும் பள்ளம், லாக் ரிங்கின் வெட்டு இரண்டு வழியாகவும் மழைத்தண்ணீர் உள்ளே போகும், வெளியேற வழி தெரியாமல் தங்கும். இரும்பு துருவாக மாறும்போது இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் பருத்துக்கொள்ளும். பீடிங்குக்கும் இரும்புக்கும் நடுவே இடமே இல்லாத இடத்தில் அது பருத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கம் உப்பு லோடு அடித்த வண்டி, ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக மீன் ஏற்றிய வண்டி என்றால் இரண்டு வருட வேலையை ஆறு மாதத்தில் துரு முடித்திருக்கும்.

மூன்றாவது, சூடு. தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் பிரேக் மிதித்தே இறங்கிய வண்டியில் டிரம்மின் சூடு டிஸ்க்குக்கு ஏறி, டியூபுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டையான ஃபிளாப்பையும் பீடிங்கின் அடிப்பகுதியையும் வேக வைக்கும். பின்பக்க ஜோடியில் உள் டயருக்குத்தான் இந்தக் கதி அதிகம், காற்றோட்டம் அதற்குத்தான் குறைவு. வெந்த ரப்பர் இளகாது, பொரபொரத்து உடையும். பீடிங்கின் உள்முனையை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புப் பொடியாக உதிர்ந்தால் டயரைக் காப்பாற்றும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம். அந்த முடிவை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டால் வேலை பாதி ஆகிவிடும். வெட்டி எடுக்கலாமா, முழுசாக எடுக்க வேண்டுமா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமே.

காற்று

10.00-20 டயரில் 105 பவுண்டு (psi) காற்று இருக்கும்போது சைடு ரிங்கை வெளியே தள்ளும் மொத்த விசை சுமார் 18 டன். அதைத் தடுத்து நிறுத்துவது விரல் பருமன்கூட வராத ஒரு லாக் ரிங்கும், அது உட்கார்ந்திருக்கும் துருப்பிடித்த பள்ளமும். பழைய டிஸ்க்கில் அந்தப் பள்ளத்தின் உதடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே வீல் நட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்பே, சக்கரம் வண்டியில் இருக்கும்போதே, வால்வு பின்னைக் கழற்றிவிட வேண்டும். ஜோடி டயர் என்றால் இரண்டிலும். பின்னை அழுத்திக் காற்றை விடுவது போதாது, பின் முழுதாகக் கையில் வர வேண்டும். பல பேர் செய்வது, வெளி டயரின் காற்றை மட்டும் இறக்கிவிட்டு நட்டைக் கழற்றுவது. உள் டிஸ்க்கில் விரிசல் இருந்தால், அதை அழுத்திப் பிடித்திருந்ததே அந்த நட்டுகள்தான். கடைசி நட்டு தளரும்போது ரிங் பறக்கும்.

அமெரிக்கத் தொழிற்கூடப் பாதுகாப்பு விதி 1910.177 இதில் தெளிவாக ஒரு கோடு போட்டிருக்கிறது. பல துண்டு டிஸ்க்கில் ஓடிய டயரின் காற்று, இருக்க வேண்டிய அளவில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்திருந்தால், அல்லது டயரிலோ டிஸ்க்கிலோ சேதம் தெரிந்தால், அச்சிலிருந்து இறக்கும் முன்பே காற்றை முழுக்க வெளியேற்றியாக வேண்டும். நின்றுபோன வண்டியின் டயர் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும்.

பின்னைக் கழற்றியும் காற்று வராவிட்டால் டயர் காலி என்று நினைத்துவிடாதீர்கள். வால்வுக் குழாயில் துருத்தூளோ டால்கம் பவுடர் கட்டியோ அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியை வால்வு வழியே விட்டு, தடையில்லாமல் உள்ளே போய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உஸ்ஸென்று வந்தால் பக்கவாட்டில் தள்ளி நின்று முழுக்க அடங்க விடுங்கள். அடங்கிய பிறகும் கம்பியை அங்கேயே விட்டு வையுங்கள், வேலை முடியும் வரை வழி திறந்தே இருக்கட்டும். பின் உடைந்து உள்ளே நின்றுவிட்டால் ஊசிப் பஞ்ச்சை வைத்து லேசாகத் தட்டி உள்ளே தள்ளிவிடலாம். இந்த நேரம் முழுக்க முகம் டிஸ்க்குக்கு நேரே இருக்கக் கூடாது. உடம்பு டயரின் ஓடுதளப் பக்கம் இருக்க வேண்டும், ரிங் பறக்கும் திசையில் அல்ல.

ராணுவக் கழிவில் வந்த பழைய ஜீப், டிரக் சிலவற்றில் டிஸ்க்கே இரண்டு பாதியாக போல்ட் போட்டு இணைத்திருக்கும். அதில் இரண்டு வட்டம் நட்டுகள் இருக்கும். ஒன்று சக்கரத்தை வண்டியோடு பிடிக்கிறது, இன்னொன்று பாதிகளை ஒன்றோடொன்று பிடிக்கிறது. காற்று இருக்கும்போது இரண்டாவது வட்டத்தில் ஸ்பேனர் வைத்தால் அடுத்த நொடி என்ன ஆகும் என்பதைப் பார்க்க ஆள் மிச்சம் இருக்காது.

ஊற வைப்பது

சக்கரம் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். உருட்டி வந்து லாக் ரிங் மேலே இருக்குமாறு படுக்கப் போடுங்கள். கம்பி பிரஷ்ஷும் பழைய ஸ்குரூ டிரைவரும் எடுத்து லாக் ரிங்குக்கும் சைடு ரிங்குக்கும் இடையில் உள்ள கோட்டைச் சுற்றிலும் சுரண்டித் திறக்க வேண்டும். கால் மணி நேரம் பிடிக்கும், சலிப்பான வேலைதான். ஆனால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாதவரை எந்த எண்ணெயும் உள்ளே இறங்காது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு பிரிவினை வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே, அதாவது லாக் ரிங் பள்ளத்தில், துரு இளக்கும் ஸ்ப்ரேயோ டீசலோ விடலாம். இரும்புக்கும் ரப்பருக்கும் நடுவே சோப்புத் தண்ணீர் மட்டும். டீசலும் கிரீஸும் ரப்பரை உப்ப வைத்து மிருதுவாக்கும், அந்த பீடிங் திரும்பப் போட்டால் நிலையாக நிற்காது. டயர் எப்படியும் குப்பைக்குத்தான் என்றால் இந்தக் கவலை இல்லை, டீசலே விடலாம். ஆனால் பின்னால் கிரைண்டர் போட்டு வெட்டப் போகிறீர்கள் என்றால் அங்கேயும் சோப்புத் தண்ணீர்தான், தீப்பொறியும் டீசலும் சேர வேண்டாம். பெட்ரோல், தின்னர் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். டயரின் வயிற்றுக்குள் அந்த ஆவி தங்கினால் ஒரு பொறி போதும்.

சோப்புத் தண்ணீர் என்றால் நுரை அல்ல. துணி சோப்புக் கட்டியில் கால் பங்கைச் சீவி ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்தால் கஞ்சி பதத்துக்கு வரும். அதை பீடிங் ஓரமாகச் சுற்றி ஊற்றி, எங்கே உள்ளே இறங்குகிறது, எங்கே குளம் கட்டி நிற்கிறது என்று கவனியுங்கள். இறங்கும் இடத்தில் இருப்பது வெறும் இறுக்கம். குளம் கட்டும் இடத்தில் துரு. வேலையை எப்போதும் இறங்கும் இடத்தில் ஆரம்பித்து, குளம் கட்டும் இடத்தை நோக்கி இரண்டு பக்கமும் நகர்ந்து போக வேண்டும். முரட்டு இடத்திலேயே முதல் அடி போட்டால் லீவர் வளையும், பீடிங் கிழியும், மற்ற இடம் அசையாமல் அப்படியே இருக்கும்.

ஊற்றிய பிறகு ஒரு கிலோ சுத்தியலை வைத்து டிஸ்க்கின் விளிம்பைச் சுற்றிலும் நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். பலமாக அல்ல, மணி அடிப்பது போல. துரு நொறுங்கும் தன்மை உள்ளது, அதிர்வுக்கு வெடிப்பு விடும், அந்த வெடிப்பில் எண்ணெய் இறங்கும். ஆரம்பத்தில் டொக் டொக் என்று செத்த சத்தம் வரும். இளகிய இடத்தில் சத்தம் கணீரென்று மாறும். அந்த மாற்றம் கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மறுபக்கம் திருப்பிப் போட்டு அதையே செய்து, ராத்திரி முழுக்க விட்டுவிடலாம்.

பிரிப்பது

கருவி அதிகம் தேவையில்லை. மூன்றடி நீள டயர் லீவர் இரண்டு, ஒன்றின் முனை கொக்கி வளைவோடு இருந்தால் நல்லது. 8 பவுண்டு சம்மட்டி, மரக் கொட்டாப்புளி, நாலைந்து மரக்கட்டைகள், கண்ணுக்குக் கண்ணாடி. இரும்புச் சுத்தியலின் முகத்தில் இன்னொரு இரும்புச் சுத்தியலை வைத்து அடிக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. கடினமான இரண்டு எஃகு முகம் மோதினால் தெறிக்கும் சில்லு கண்ணைத்தான் தேடிப் போகும்.

லீவரின் கொக்கி முனையை சைடு ரிங்குக்கும் பீடிங்குக்கும் நடுவே வைத்து அடித்து இறக்கி, கைப்பிடியை வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். பீடிங் ஒரு விரல் அகலம் கீழே போனால் போதும், அங்கே ஒரு மரச் சக்கையைச் செருகிவிட்டு நாலைந்து அங்குலம் தள்ளி அடுத்த அடி. ஒரே இடத்தில் முழு ஆழத்துக்கும் தள்ளப் பார்ப்பதுதான் தவறு. டயர் வட்டமான பொருள், ஒரு பக்கம் அதிகம் இறங்கினால் எதிர்ப்பக்கம் இன்னும் இறுகும். முதல் சுற்றில் ஒரு விரல், இரண்டாம் சுற்றில் இரண்டு விரல் என்று போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிளவில் சோப்புக் கஞ்சி.

பீடிங் விலகியதும் லாக் ரிங் வந்துவிடாது. சைடு ரிங் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பிடித்திருக்கும். சைடு ரிங்கை ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இறக்கினால்தான் லாக் ரிங் விடுபடும். ரிங்கின் மேல் மரக்கட்டை வைத்து, கட்டையின் மேல் சம்மட்டி. எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, பிறகு கிழக்கு, மேற்கு. சுற்றிச் சுற்றி வரிசையாக அடித்தால் ரிங் ஒரு பக்கம் சாய்ந்து டிஸ்க்கில் கடித்துக்கொள்ளும். கடித்துவிட்டால் இறங்காத பக்கத்தில் அடிக்காமல், அதிகம் இறங்கிய பக்கத்தைத் திரும்பக் கொஞ்சம் தூக்கிச் சமன் செய்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

லாக் ரிங்கின் வெட்டுக்குப் பக்கத்தில் லீவர் முனை நுழைய ஒரு சின்னப் பள்ளம் விட்டிருப்பார்கள். துரு நிரம்பி மறைந்திருக்கும், தேடிச் சுரண்டி எடுக்க வேண்டும். அதில் தட்டை முனையை விட்டு மேலே நெம்பி, தூக்கிய இடத்தில் இரண்டாவது லீவரைக் கொடுத்து, வெட்டிலிருந்து விலகிச் சுற்றிப் போக வேண்டும். ரிங் வில் மாதிரி விறைப்போடு இருக்கும். திடீரென்று விடுபடும் முனை தாடையில் அடிக்கும், அதனால் குனிந்து பார்த்துக்கொண்டு நெம்பாதீர்கள். விடுபட்ட பக்கத்தின் மேல் ஒரு கால் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. ரிங்கை அளவுக்கு மேல் அகட்டவும் கூடாது. ஒரு முறை வளைந்த லாக் ரிங் அடுத்த முறை பள்ளத்தில் முழுதாக உட்காராது.

லாக் ரிங்கும் சைடு ரிங்கும் எடுத்தாகிவிட்டது. இனி நிலையான விளிம்புப் பக்கம். பொதுவாக அதிகம் ஒட்டியிருப்பது இதுதான், தண்ணீர் அங்கேதான் தேங்கியிருக்கும். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, பீடிங்கை முன்போலவே சுற்றிலும் இளக்குங்கள். பிறகு ஒன்றரை அடி உயரமுள்ள மரத்துண்டு ஒன்றின் மேல் டிஸ்க்கின் நடுப்பகுதி மட்டும் உட்காருமாறு தூக்கி வையுங்கள். மரத்துண்டின் குறுக்களவு ஓர் அடிக்கு மேல் வேண்டாம், டயர் அந்தரத்தில் தொங்க வேண்டும். இப்போது டயரின் ஐம்பது கிலோ எடையே நமக்காக வேலை செய்யும். பீடிங் ஓரத்தில் கட்டை வைத்துச் சுற்றிலும் அடிக்க அடிக்க டயர் கீழே நழுவும். வால்வு டிஸ்க்கின் பள்ளத்தில் மாட்டாமல் உள்ளே தள்ளிவிட்டிருக்கிறோமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். டயர் வராததற்குப் பாதி நேரம் காரணம் துரு அல்ல, வளைந்து மாட்டிக்கொண்ட வால்வுக் குழாய்தான்.

சம்மட்டிக்கு மசியாவிட்டால்

கையில் இருப்பதில் எனக்குப் பிடித்தது ஜாக்கி. லோடு வண்டியின் சேஸிஸுக்குக் கீழே சக்கரத்தைப் படுக்க வைத்து, பீடிங்கை ஒட்டி, விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் ஒரு சாண் நீள இரும்புப் பட்டையை வைத்து, அதன் மேல் 10 டன் பாட்டில் ஜாக்கியை நிறுத்தி சேஸிஸுக்கு எதிராக ஏற்றுங்கள். வண்டி லேசாகத் தூக்கும் வரை ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த அழுத்தம் இருக்கும்போதே டிஸ்க் விளிம்பில் சுத்தியலால் தட்டினால், சரசரவென்று சத்தம் வந்து பீடிங் இறங்கும். ஒரே இடத்தில் இறங்கியதும் அடுத்த இடம், சுற்றிலும் ஆறு இடம் செய்தால் போதும். பட்டை விளிம்பைவிட்டு மூன்று நாலு அங்குலம் தள்ளி இருந்தால் டயரின் பக்கச்சுவர்தான் அமுங்கும், பீடிங் அசையாது. வண்டியின் எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்திருக்க வேண்டும், ஜாக்கி செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்த ஜாக்கி வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கும்.

டிராக்டர் சக்கரத்தை டயரின் ஓரத்தில் ஏற்றி இறக்குவது வேலை செய்யும், ஆனால் எங்கே அழுத்துகிறோம் என்ற கட்டுப்பாடு இல்லை. ஜேசிபி பக்கெட்டின் பல்லை வைத்து அழுத்துவது இன்னும் மோசம். டயர் வரும், கூடவே டிஸ்க்கின் விளிம்பும் வளைந்து வரும். டிஸ்க்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதாக இருந்தால் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

நட்டைத் தளர்த்திவிட்டுக் காற்றில்லாத டயரோடு வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி பீடிங்கை இளக்குவது என்றொரு வித்தை சொல்வார்கள். லாக் ரிங் டிஸ்க்கில் இதைச் செய்யவே கூடாது. காற்று இல்லாதபோது ரிங்கைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை, ஓட்டத்தில் கழன்று ஓடும். ஸ்டட்டுகளும் டிஸ்க்கின் போல்ட் ஓட்டைகளும் சேர்ந்து கெடும். காற்றைத் திரும்ப அடித்து உதற வைப்பது அதைவிடப் பெரிய தவறு. பாதி நெம்பிய ரிங்கின் மேல் 18 டன்னை ஏற்றுகிறீர்கள்.

நெருப்பு

துருவேறிய நட்டுக்குக் கேஸ் வைத்துப் பழகிய கை, லாக் ரிங்குக்கும் கேஸ் வைக்கத் தேடும். கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் போட்ட ஊர் நாம், காய்ச்சினால் இரும்பு விரியும் என்பது நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே இரும்புக்குள் இருந்தது மரம். இங்கே இரும்பைச் சுற்றி இருப்பது ரப்பர்.

டிஸ்க்கில் வைத்த நெருப்பு, பீடிங்கின் உட்புறத்தைப் புகையில்லாமல், வெளியே ஒன்றும் தெரியாமல் வேக வைக்கிறது. சுமார் 250 டிகிரி தாண்டினால் ரப்பர் சிதைந்து எரியும் வாயுக்களை விடத் தொடங்கும். டயரின் வயிறு மூடிய பாத்திரம். வாயு சேர்ந்து, உள்ளேயே சூடு போதுமானதாகி, தானாகத் தீப்பிடித்தால் அழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் டயர் தாங்கும் அளவைப் பல மடங்கு தாண்டிவிடும். வால்வு பின்னைக் கழற்றியிருந்தாலும் பயனில்லை. அந்த ஊசித்துளை வழியே அவ்வளவு வாயு வெளியேற நேரம் இருக்காது. கேஸை அணைத்த உடனே வெடிக்க வேண்டும் என்றும் இல்லை. உள்ளே கனன்றுகொண்டே இருந்து மணிக்கணக்கில் கழித்தும் வெடிக்கும். தெரியாமல் சூடு வைத்துவிட்ட டயர் என்றால் ஆட்களை விலக்கி ஒரு நாள் முழுக்க அதன் கிட்டே போகாமல் இருப்பதுதான் வழி.

டயர் டிஸ்க்கில் இருக்கும்போது வெல்டிங், கேஸ் கட்டிங் எதுவும் கூடாது என்பது இதனால்தான். வீல் நட்டுக்குச் சூடு வைப்பதும் இதே கணக்கில் வரும். நட்டு சிக்கிக்கொண்டால் உளி வைத்துப் பிளக்கலாம், அல்லது நட்டு உடைக்கும் கருவியைப் போடலாம். பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்க ஸ்டட்டுக்கு இடது மரை இருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு சிக்கிவிட்டது என்று முடிவு கட்டாமல் ஸ்டட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள்.

வெட்டி எடுப்பது

டயர் தேறாது என்று தெரிந்தால் அடித்து மல்லுக்கட்டாமல் வெட்டுவதுதான் மரியாதை. பக்கச்சுவரில் அளவு எண்களுக்கு நடுவே ஆர் எழுத்து இருந்தால் அது ரேடியல், 10.00-20 என்று கோடு மட்டும் இருந்தால் நைலான். நைலான் டயரில் பீடிங்கைத் தவிர வேறெங்கும் இரும்பு இல்லை, கூர்மையான கத்தியே போதும். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இழுத்தால் ரப்பர் பிடிக்காமல் போகும். விளிம்புக்கு நாலு விரல் மேலே பக்கச்சுவரில் வட்டமாக அறுத்து, இரண்டு பக்கமும் முடித்தால் டயரின் ஓடுதளம் முழு வளையமாகக் கழன்று வந்துவிடும். டியூபையும் ஃபிளாப்பையும் கிழித்து எடுத்துவிடுங்கள். ரேடியலில் பக்கச்சுவருக்குள்ளும் எஃகுக் கம்பி ஓடும், கத்தி நிற்கும் இடத்தில் கிரைண்டர்தான்.

மிச்சம் இருப்பது டிஸ்க்கை இறுகப் பிடித்த இரண்டு பீடிங் வளையம். உள்ளே மெல்லிய எஃகுக் கம்பிகள் கட்டுக்கட்டாக இருக்கும், கனமான லாரி டயரில் ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டும் இருக்கலாம். முதலில் ரப்பரைச் சீவிக் கம்பியை வெளியே கொண்டுவாருங்கள். பிறகு கிரைண்டர் கட்டிங் சக்கரத்தை வைத்துக் கம்பியில் முக்கால் பங்கு மட்டும் அறுங்கள். கடைசிக் கால் பங்கை உளியும் சுத்தியலும் பார்த்துக்கொள்ளட்டும். கிரைண்டரை முழுசாக இறக்கினால் டிஸ்க்கில் கோடு விழும். அந்தக் கோடுதான் பின்னால் விரிசலுக்கு ஆரம்பம். கம்பிக் கட்டு அறுபடும்போது விரிந்து அடிக்கும், கையுறை போட்டுக்கொண்டு முகத்தை விலக்கி வையுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

கழன்ற பிறகு டிஸ்க்கைப் பார்ப்பது

துருவைக் கம்பி பிரஷ் போட்டு முழுக்க நீக்கினால்தான் டிஸ்க்கின் யோக்கியதை தெரியும். முக்கியமாக லாக் ரிங் பள்ளம். அதன் உதடு கூர்மையாக நிற்க வேண்டும். அரித்து உருண்டிருந்தாலோ, குழிகுழியாக இருந்தாலோ, மயிரிழை விரிசல் ஓடினாலோ அந்த டிஸ்க் இரும்புக் கடைக்குத்தான். வெல்டிங் வைத்து நிரப்புவது, காய்ச்சி நிமிர்த்துவது எல்லாம் கணக்கில் சேராது. போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும் பாருங்கள், துரு நிறத்தில் மெல்லிய கோடு அங்கிருந்து கதிர் மாதிரி கிளம்பினால் அது விரிசல்.

லாக் ரிங்கைச் சமமான தரையில் போட்டால் எங்கும் தூக்காமல் படிய வேண்டும். தூக்கினால் அது முறுகியிருக்கிறது. கிடைத்த டிஸ்க்குக்குக் கிடைத்த ரிங்கைப் போடும் பழக்கம் பல பேரைக் கொன்றிருக்கிறது. இரண்டிலும் பொறித்திருக்கும் அளவும் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும், கையால் அழுத்தினால் உட்கார்ந்துவிட்டது என்பது ஆதாரம் ஆகாது.

சுத்தமான டிஸ்க்குக்கு ரெட் ஆக்சைடு ஒரு கை, மேலே பெயின்ட் ஒரு கை. பள்ளத்தில் மட்டும் மெல்லிசாக. தடித்த பெயின்ட் ரிங்கை முழு ஆழத்துக்கு உட்கார விடாது. புது டயருக்குப் புது டியூபும் புது ஃபிளாப்பும் போடுங்கள். நீண்டு போன பழைய டியூப் உள்ளே மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும்.

காற்று அடிக்கும்போது சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும். மேலே சொன்ன அமெரிக்க விதியின்படி அந்தக் கூண்டு, டயருக்கு விதித்த உச்ச அழுத்தத்தைப் போல 150 சதவீத அழுத்தத்தில் ரிங் பறந்தாலும் தாங்க வேண்டும். நெடுஞ்சாலையோரக் கடைகளில் லாக் ரிங்கைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒருவர் ஏறி நின்று அடிப்பதைப் பார்க்கலாம். ரிங் கீழே பறக்காது என்பது சரி. அதற்குப் பதில் முழுச் சக்கரமும் மேலே நிற்பவரோடு சேர்ந்து பறக்கும். டிஸ்க் ஓட்டைகளில் நாலு இடத்தில் சங்கிலி சுற்றுவது ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் கூண்டுக்கு அது ஈடாகாது. வால்வில் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளிப், பத்தடி நீள ஹோஸ், அந்தப் பக்கம் கேஜும் வால்வும். முதலில் 10 பவுண்டு அடித்து நிறுத்தி, ரிங் சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஓரிடத்தில் தூக்கியிருந்தால் காற்று முழுவதையும் இறக்கி, பிரித்து, திரும்பப் போட வேண்டும். காற்று இருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கிற ஆள் பக்கத்தில் இருந்தால் முதலில் அவர் கையில் இருக்கும் சுத்தியலை வாங்குங்கள்.

டியூப்லெஸ் 22.5 அங்குல டிஸ்க்கில் ரிங்கே கிடையாது. ஒரே துண்டு, நடுவே பள்ளம், பீடிங் உட்காரும் தளத்துக்கு 15 டிகிரி சரிவு. இரண்டு பக்க பீடிங்கையும் இளக்கி, ஒரு பக்கத்தை நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டு எதிர்ப்பக்கத்தில் லீவர் போட்டால் வந்துவிடும். பள்ளம் எந்த விளிம்புக்குக் கிட்டே இருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் எடுக்க வேண்டும், மறுபக்கமாக முயன்றால் பொழுது போவதுதான் மிச்சம். ஊற வைப்பது, ஜாக்கி, நெருப்பு பற்றிச் சொன்னது எல்லாம் அதற்கும் அப்படியே.